பூவரசம் பலகைக்குப் பின்னால்

என் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் நான் மூட்டுவலியைப் பற்றிக் கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள் என்றுதான் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றுகிறவர்கள் வீட்டில் நிலம் இருந்தது என்று எடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டிலும் இருந்தது.

இன்றைக்கும் நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள். பால்காரர் சிரித்தால் பாலில் என்ன கலந்தார் என்று யோசிப்பேன். மருமகள் "சாப்பிட்டீங்களா அத்தே" என்று கேட்டால்கூட, இன்றைக்கு மட்டும் எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றிவிடும். இது எனக்குப் பிறவியில் வந்ததில்லை. பத்து வயதில், ஒரு கோடையில், எங்கள் கார் ஷெட்டில் வைத்து ஒட்டிக்கொண்டது. உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நீங்களும் அந்தக் கோடைகளைப் பார்த்தவர்கள்தானே.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வாய்க்காலில் மணல்தான் இருக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர ஆனி பிறந்துவிடும். புதிய ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டுகள், களத்துமேட்டில் செங்கொடிகள். குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துத் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. எங்கள் பக்கத்துக்கு மே மாதக் கடைசி நாள் வரை கெடு. தெருத் தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

தமுக்குச் சத்தம் கேட்ட அன்றோடு அப்பா எழுதுவதை நிறுத்திவிட்டார். தன் கையெழுத்து உள்ள துண்டுச் சீட்டு எவன் கையிலாவது சிக்கினால், அதையே ஆதாரமாக்கிக் குத்தகை உரிமை கேட்பான் என்று பயம். மளிகைக் கடைக்குச் சாமான் பட்டியல்கூட வாயால்தான் போயிற்று. என் மதிப்பெண் அட்டையிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. அம்மா போட்டாள். அம்மாவுக்குப் பழக்கமில்லாத வேலை, எழுத்து ஆடிப்போயிற்று. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு நானே போட்டுக்கொண்டேன் என்று என்னைச் சந்தேகப்பட்டார். அந்த வருடம் ஊரில் யாரும் யாரையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது காருக்கு வருகிறேன். தாத்தா காலத்தில், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடமிருந்து வாங்கிய சீமைக் கார் அது. எங்கள் வீட்டைக் கார்க்காரர் வீடு என்றுதான் சுற்று வட்டாரமே சொல்லும். உள்ளே ஏறினால் பெட்ரோலும் பழைய தோலும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை. டிரைவருக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மரப்பலகை. டாஷ்போர்டு என்று அப்பா சொல்வார், டிரைவர் போர்டுப் பலகை என்பார். தேன் நிறத்தில் வரி வரியாக ஓடும் சீமை மரம். அதில் வெள்ளை முகத்தோடு வட்ட வட்டமாக மீட்டர்கள். நடுவில் நான்கு இருபதில் நின்றுபோன ஒரு கடிகாரம். அது என்றைக்கு நின்றது என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை தோறும் அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஷெட்டுக்குப் போவார். அந்தப் பலகையை ஈரத்துணியால் தானே துடைப்பார். துடைத்துவிட்டு, கரைத்த சந்தனத்தை விரலால் எடுத்து மூன்று இடத்தில் வைத்துக் குங்குமம் இடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அம்மாவின் நெற்றியில்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துக் குங்குமம் வைத்திருக்க மாட்டார் என்று அம்மாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அந்தப் பலகை விரிந்துவிட்டது. கடிகாரத்துக்கு அடியில் தொடங்கி, சாமான் வைக்கும் அறை வரைக்கும் ஒரு முழ நீளம். மேல்தோல் சுருண்டு எழும்பி, உள்ளே வெளுத்த ஒட்டுப்பலகை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"யார் கை வெச்சது?" என்றார் அப்பா.

"நான் தொடலைங்க. காலையில சாவி போடுறப்பத்தான் பாத்தேன்" என்றார் டிரைவர்.

"ஷெட்டுக்குள்ள யாரு வந்தா?"

"யாரும் வரலைங்க."

"வராமலா தானா வெடிச்சுது?"

டிரைவர் மேலே ஒரு வாரம் சந்தேகம் இருந்தது. பிறகு கொடிக்காரர்கள் மேலே போயிற்று. பிறகு எதிர்வீட்டுப் பங்காளி மேலே. அப்பா சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடியே ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்ப்பார். அம்மா எல்லாப் பெயருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வைகாசி கடைசியில் தாசில்தார் எங்கள் ஊர் மனுக்களை விசாரிக்க வருவதாக இருந்தார். அதிகாரி வந்தால் ரயிலடிக்கு எங்கள் கார் போகும், எங்கள் வீட்டில் சாப்பாடு, எங்கள் காரிலேயே வயலைச் சுற்றிப் பார்ப்பார். இதுதான் வழக்கம். விசாரிக்க வருகிறவர் விசாரிக்கப்படுகிறவர் வீட்டில் சாப்பிடலாமா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பாவின் கவலையெல்லாம் அவர் முன்னால் உடைந்த பலகையோடு போய் நிற்பதைப் பற்றித்தான். தஞ்சாவூர்ப் பட்டறையில், கப்பலில்தான் வரவேண்டும், ஆறு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டார்.

ஆசாரி ஊருக்கெல்லாம் ஏர் செய்து கொடுப்பவர், வண்டிச் சக்கரம் பூட்டுபவர். கூடவே, அவருடைய அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலம் நாலு மாவைக் குத்தகைக்கு உழுதுவந்தார். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலே. உளியும் ஏரும் இரண்டும் ஓடினால்தான் அந்தக் குடும்பத்துக்கு வருடம் முழுக்கச் சோறு. அவர் மனுக் கொடுத்தாரா, கொடுக்கப்போகிறாரா என்பது அப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

ஆசாரி பலகையைப் பார்த்தார். விரலால் தடவினார். விரிசல் மூன்று சந்தனப் பொட்டுகளின் வழியாகவே ஓடியிருந்தது.

"தண்ணி பட்டுப் பட்டு ஒட்டு விட்டுப்போச்சுங்க. பொட்டு வெக்கிற எடமாப் பாத்து..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப நாந்தான் ஒடைச்சேங்கிறியா?"

ஆசாரி விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வெயிலுங்க. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார்.

அப்பா ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். தன் ஒரு விரலை மட்டும்தான் விட்டுவைத்திருந்தார். அந்த விரலை அன்றைக்கு ஆசாரி காட்டிவிட்டார். அதை அப்பா மறக்கவில்லை என்பது என் சந்தேகம்.

"வைகாசி பதினெட்டுக்குள்ள முடிச்சிடணும். முடியிற வரைக்கும் ஷெட்ட விட்டு எங்கயும் நகரக் கூடாது. சாப்பாடு இங்கயே வரட்டும்" என்றார் அப்பா.

"ஆகட்டுங்க" என்றார் ஆசாரி.

அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார். "லீவுதானே, புஸ்தகத்த எடுத்துக்கிட்டுப் போயி ஷெட்டுல ஒக்காந்து படி. ஆசாரி என்ன பேசுறான், யாரு வரா, போறா, எல்லாம் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும். தாசில்தார் வர்ற அன்னிக்கு நீ கார்ல முன் சீட்டுல ஒக்காரலாம்."

முன் சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் நல்ல வேவுகாரி. ஆசாரி பலகையைக் கழற்றும்போது திருகாணிகளை எண்ணினேன். இருபத்திரண்டு. அவருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் எந்த ஒயர் எந்த மீட்டருக்கு என்று அடையாளம் வைக்க, பழைய சேலையிலிருந்து உருவிய நூல்களைக் கட்டினார். சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, அப்படி. அதை நான் அப்பாவிடம் ரகசியக் குறி என்று சொன்னேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்து இரண்டு முறை துப்பினார் என்றேன். வெற்றிலை போடுகிற மனிதர், வேறு எங்கே துப்புவார். ஒரு குப்பியில் என்னமோ வாசனை வருகிறது என்றேன். அப்பா மறுநாள் தானே வந்து குப்பியின் கார்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பாலிஷுக்கு அரக்கு ஊறவைத்திருந்த ஸ்பிரிட்.

மரம் எங்கே கிடைக்கும் என்று அப்பா கேட்டதற்கு, "எங்கிட்டயே இருக்குங்க" என்றார் ஆசாரி. நாலு மாவின் வரப்பில் அவருடைய அப்பா வைத்த பூவரசு ஒன்று புயலில் சாய்ந்திருந்தது. அதை அறுத்து, குளத்துச் சேற்றில் மூன்று வருடமாக ஊறப் போட்டிருந்தார். அப்படி ஊறினால் பூச்சி அரிக்காது, வெயிலில் விரியாது. தன் குடிசையை இடித்து ஓட்டுவீடு கட்டும்போது வாசல் நிலைக்கு ஆகும் என்று வைத்திருந்த மரம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டு போய் அதில் ஒரு பலகையை அறுத்துக் கொண்டுவந்தார். ஷெட்டு முழுக்கக் குளத்து நாற்றம். இழைக்க இழைக்க நாற்றம் போய், உள்ளிருந்து கருஞ்சிவப்பு எழும்பி வந்தது. சுருள் சுருளாகச் சீவல் என் மடியில் வந்து விழும். எடுத்து முகர்ந்து பார்ப்பேன். அந்த வாசனையை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

"வீட்டு நிலைக்கு வெச்சிருந்த மரத்த சும்மா குடுக்கிறானாம். எதுக்குக் குடுக்கிறான்?" என்றார் அப்பா சாப்பாட்டில்.

"நம்ம காருக்குன்னு குடுக்கிறாரு" என்றாள் அம்மா.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த மே மாசம் முடியட்டும். அந்தத் தேதி தாண்டிட்டா பீடை விட்டுச்சு."

எந்தத் தேதி என்று எனக்குத் தெரியும். ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

வைகாசி பதினைந்து அன்று காலை ஆசாரி மீட்டருக்கு வட்டத் துளை அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்தை நிறுத்தாமலே கேட்டார்.

"பாப்பா, இன்னிக்கு இங்கிலீஷுக்கு என்ன தேதிங்க?"

தமிழ்த் தேதி அவருக்கு விரல் நுனியில். நாற்று விடுவதும் நடுவதும் அதை வைத்துத்தான். இங்கிலீஷ் தேதி காலண்டர் உள்ள வீட்டாருக்குத்தான் தெரியும். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே ஓடினேன். அப்பா கூடத்தில் இருந்தார்.

"ஆசாரி தேதி கேட்டாரு" என்றேன், பெரிய செய்தி கொண்டுவந்த மாதிரி.

அப்பா நிமிர்ந்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மனு இன்னும் கொடுக்கவில்லை என்பது அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. "தெரியலன்னு சொல்லிடு" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. இதை நான் எத்தனையோ தடவை எனக்கே திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரியாது என்று சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

காலண்டரில் இருபத்தொன்பது என்று சிவப்பாக இருந்தது. கெடுவுக்கு இரண்டே நாள். நான் ஷெட்டுக்குத் திரும்பி வந்து, "இருபத்தாறு" என்றேன். தெரியாது என்று சொன்னால் அவர் வேறு யாரையாவது கேட்பார் என்று யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். பத்து வயதுக்கு அது கெட்டிக்காரத்தனம். அப்பா கேட்டால் சந்தோஷப்படுவார் என்று பட்டது. மாலையில் அவரிடம் சொன்னேன். என் தலையில் கை வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி வைத்ததாக நினைவில்லை.

மத்தியானம் ஆசாரியின் மனைவி சோறு கொண்டுவந்தார். கூட என் வயதில் அவர்கள் மகள், தண்ணீர்ச் செம்போடு.

"ஊரே நன்னிலத்துக்குப் போயிட்டு வருது. நீங்க எப்பப் போறீங்க?" என்றார் அந்த அம்மா.

"இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. ஐயா வேலய முடிச்சிட்டுப் போறேன்."

"அஞ்சு நாளா? ஊர்ல வேற மாதிரில்ல பேசிக்கிறாங்க."

"ஊர்ல ஆளுக்கொரு தேதி சொல்றான். பாப்பா காலண்டரப் பாத்துட்டு வந்து சொல்லிச்சு. பள்ளிக்கூடத்துல படிக்கிற புள்ள."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்தக் கோடையில் எல்லோரும் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டார்கள். சரியான ஆளைச் சந்தேகப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் பெரிய வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எப்படிக் கேட்பது. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வைகாசி பதினெட்டு அன்று பலகை காரில் ஏறியது. கண்ணாடி மாதிரி மின்னியது. நூல் முடிச்சுகளைப் பார்த்துப் பார்த்து ஒயர்களைச் சேர்த்தார், ஒரு மீட்டர்கூடத் தப்பவில்லை. கடைசித் திருகாணிக்கு முன்னால், மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தார். கண்ணை மூடி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பலகைக்குப் பின்னால் இடுக்கில் செருகினார். நான் பார்ப்பதைக் கண்டதும் லேசாகச் சிரித்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார். கெடு முந்திய நாளோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

பொட்டலத்தைப் பற்றி அன்றைக்கு அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்குள் நான் சொன்ன தேதி வெளியே வந்துவிடுமோ என்ற பயம் பிடித்திருந்தது.

மறுநாள் ஆசாரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நன்னிலம் போனார் என்றும், போன வேகத்தில் திரும்பி வந்தார் என்றும் டிரைவர் சொன்னார்.

பத்து நாள் கழித்துத் தாசில்தார் வந்தார். சொன்னபடியே எனக்கு முன் சீட்டு. பின்னால் அவரும் அப்பாவும். தாசில்தார் எட்டி, புதுப் பலகையில் விரலை ஓட்டிப் பார்த்தார். "என்ன மரம் இது? ஈட்டியா?"

"பூவரசுங்க. நம்ம வரப்புல நின்னது" என்றார் அப்பா. நம்ம என்றுதான் சொன்னார்.

நாலு மாவுக்குப் பக்கத்தில் கார் போனபோது ஆசாரி ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். கையைக் கூப்பிக்கொண்டு குறுக்கே வந்தார். டிரைவர் நிறுத்தினார்.

"எசமான், இந்த நாலு மா எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க உழுவுறது. மனுக் குடுக்கப் போனேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க."

"என்னிக்குப் போனே?"

"வைகாசி பத்தொம்பதுங்க."

தாசில்தார் விரல் விட்டு எண்ணினார். "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கெடு முடிஞ்சு போச்சேய்யா. ஊரெல்லாம் தமுக்கடிச்சோம். ஒனக்கு யாரும் தேதி சொல்லலியா?"

ஆசாரி நிமிர்ந்தார். முன் கண்ணாடி வழியாக நேரே என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் அவர் செய்த பலகை. என் முகம் அதில் சிவப்பாகத் தெரிந்தது.

"இல்லீங்க" என்றார் ஆசாரி. "நாந்தான் கணக்குத் தப்பிட்டேன்."

தாசில்தார் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "இவரு எங்களுக்கு மரவேலை பாக்குறவருங்க. கூலிக்கு உழுதிருப்பாரு. மத்தபடி அது சொந்தப் பண்ணைதான்" என்றார். தாசில்தார் நோட்டில் எதையோ எழுதினார். கார் நகர்ந்தது.

நான் செய்தது அத்தோடு நிற்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "அவன் எதுக்கு ஒன்ன அப்பிடிப் பாத்தான்?" என்று கேட்டார். இருபத்தாறு என்று நான் சொன்னது அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். தான் சொல்லித்தான் நான் அப்படிச் சொன்னேன் என்ற பேச்சு நடுவில் வந்துவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். எனக்கு அழுகை வந்தது. தப்பிக்க வேண்டும். கையில் இருந்தது அது ஒன்றுதான். "பலகைக்குப் பின்னாடி மஞ்சத்துணியில என்னமோ கட்டி வெச்சாரு. சொல்லாதேன்னு காட்டினாரு" என்றேன்.

அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "செய்வினை" என்றார்.

அவ்வளவுதான். அதை எடுக்கவும் பயம், விடவும் பயம். தொட்டவனைப் பிடித்துக்கொள்ளும் என்று எவனோ சொல்லிவிட்டான். ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்க அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றோடு அப்பா முன் சீட்டில் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தனம் நின்றது. பிறகு காரையே எடுப்பதில்லை, ஷெட்டுக் கதவைச் சாத்தினார். குறுவை நடவுக்கு முன்னாலேயே நாலு மாவை ஆளை விட்டு உழுதாயிற்று. ஆசாரி குடும்பம் மாமனார் ஊரான பேராவூரணிப் பக்கம் போய்விட்டது. நிலைக்கு மிச்சம் இருந்த பூவரசு குளத்திலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் அந்தப் பொட்டலம்தான். மாடு செத்ததற்கும், தம்பி பரீட்சையில் தோற்றதற்கும், உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனதற்கும், கடைசியில் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததற்கும். ஆசாரி பண்ணின வேலை என்று வாய் குழறிச் சொல்லிக்கொண்டே போனார். நானும் நம்பினேன். நம்பினால் இருபத்தாறு என்று சொன்ன வாய்க்குக் கொஞ்சம் நிம்மதி.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தஞ்சாவூரில் நாங்கள் வீடு கட்டினோம். வாசல் நிலை வைக்கும் நாளில், எங்கள் கட்டடத்து ஆசாரி ஒரு மஞ்சள் துணியில் நவதானியத்தையும் ஒரு பிடி மண்ணையும் முடிந்து, நெற்றியில் ஒற்றி, நிலைக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "வீடு நெலைக்கணும்னு வெக்கிறதும்மா. நெலைக்குன்னு எடுத்த மரம்னா இது இல்லாம வெக்க மாட்டோம்" என்றார். நான் அங்கேயே செங்கல் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஊருக்குப் போய் ஷெட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் வேறு யாரைச் சொல்வது?

அப்போதுதான் இன்னொரு கணக்கும் எனக்கு உறைத்தது. தாசில்தார் வருவது வைகாசிக் கடைசியில். பிறகு ஏன் அப்பா பதினெட்டுக்குள் முடிக்கச் சொன்னார்? வைகாசி பதினெட்டு என்றால் ஜூன் ஒன்று. கெடு முடிந்த மறுநாள். ஷெட்டை விட்டு நகரக் கூடாது என்றதும் பலகைக்காகத்தானா? அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். இது மட்டும் இன்றுவரை தீரவில்லை.

போன வருடம் தம்பி மகன் அந்தக் காரை விற்றான். சென்னையில் பழைய கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கும் ஒருவர் வாங்கினார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்தப் பலகை மட்டும் நாட்டு வேலை, அசல் பலகையைச் சீமையிலிருந்து வரவழைத்துப் போடப்போகிறேன் என்றாராம். அத்தனை வருடத்தில் அதில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை என்றும் அவரே சொன்னாராம். கழற்றும்போது தம்பி மகன் போன் செய்தான். "அத்தே, உள்ள ஏதோ மஞ்சத் துணி..."

"தொடாதே" என்றேன். எல்லாம் தெரிந்த பிறகும் என் வாயில் முதலில் வந்தது அதுதான். அதை நினைத்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கொண்டுவரச் சொல்லி நானே பிரித்தேன். தானியம் உளுத்து மாவாகியிருந்தது. மண் கறுத்து ஒரு கட்டியாக இறுகியிருந்தது. வண்டல் மண். அந்த மண் நாலு மாவிலிருந்து எடுத்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேராவூரணியில் விசாரித்தேன். ஆசாரியும் மனைவியும் எப்போதோ போய்விட்டார்கள். மகள் இருந்தார். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்னந்தோப்புக்கு நடுவில் நல்ல வீடு. ஊர்ப் பெயரும் கார்க்காரர் வீடு என்றும் சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் நாற்காலி போட்டார். நான் பொட்டலத்தை நீட்டினேன்.

"என்னங்க இது?"

"உங்க அப்பா வெச்சது. எங்க கார்ல."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மொதல்ல கீழ வைங்க. மஞ்சத்துணியில மண்ணக் கட்டிக்கிட்டு, இத்தன வருஷம் கழிச்சு உங்க வீட்லேர்ந்து வர்றீங்க. என்னன்னு தெரியாம என் கையில வாங்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் வாசலுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

"நல்லதுக்குத்தாங்க வெச்சாரு. நெலைக்கு வெக்கிற மாதிரி."

"அவரு வெச்சது நல்லதாத்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். நீங்க எதுக்கு எடுத்துக்கிட்டு வந்தீங்க? அதச் சொல்லுங்க."

நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்.

"அம்மா சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, எப்பிடி அந்தத் தேதி தப்பிச்சுன்னு. 'எங்கணக்குதான் தப்பு, விடு'ன்னே சொல்லிட்டுப் போயிட்டாரு அப்பா. நாங்க அவரத்தான் கோவிச்சுக்கிட்டோம். இந்த மனுஷன் ஒரு தேதி கேட்டு வெச்சுக்கலியேன்னு."

அவர் அம்மா அன்றைக்கு ஷெட்டில் பார்த்த அதே பார்வை. இந்த முறை என் கையில் புத்தகம் இல்லை. அப்பா சொன்னார், சின்ன வயசு, காலம் அப்படி என்று பஸ்ஸில் வரும்போது நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"கேட்டாருங்க" என்றேன். "வைகாசி பதினஞ்சு, காலையில. எங்கிட்டதான் கேட்டாரு. அன்னிக்கு இருபத்தொம்பது. நான் இருபத்தாறுன்னு சொன்னேன்."